சர்க்கரையை உரக்கச் சொல்லும் ஊர்

செப்டம்பர் 4, திங்கள்

வந்துவிட்டது! சுகர் மெஷின் வந்துவிட்டது! ஒன்றில்லை, இரண்டு! காலை ஏழு மணியிலிருந்து பஸ் நிற்கிற இடத்தில் நின்றேன். டிரைவர் பெட்டியை நீட்டியதும் மார்போடு கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தேன். நாற்பத்தெட்டு வயதுக்காரி ரோட்டில் ஓடினால் என்ன, என் கால், என் அவசரம்.

இந்த டைரியை யாரும் படிக்கக் கூடாது. மீறிப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். நான் எமீமாள், நர்ஸ். சொந்த ஊர் தூத்துக்குடி ஜில்லா நாசரேத். வீட்டுக்காரர் ஞானசிகாமணி கணக்கு வாத்தியார். நாலு வருஷமாகப் பசிபிக் கடலின் நடுவே சமோவாத் தீவில், லாலோவாய் என்கிற கிராமத்தில், வாத்தியார் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். ஊரே சர்ச்சுக்குப் போகிற சனம். நான் நாசரேத்துக்காரி என்றதும், இயேசுநாதர் வீட்டுக்குப் பக்கத்து வீடா என்று கேட்டார்கள். ரெண்டு தெரு தள்ளி என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தனி மரியாதை. இவர்கள் பேசுவது சமோவா மொழி, நடுநடுவே இங்கிலீஷ். என் காதுக்குள் நுழைந்ததும் அது எங்கள் ஊர்த் தமிழாகிவிடுகிறது. அப்படித்தான் எழுதப்போகிறேன், டைரி என்னுடையது.

வேலை இதுதான். இங்கே சர்க்கரை வியாதி வீட்டுக்கு வீடு உண்டு. கால் அழுகின பிறகுதான் பார்ப்பார்கள். அக்டோபர் 13 அன்று தலைநகரம் ஆப்பியாவிலிருந்து சுகாதாரத் திட்டத்து ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் இந்த ஊரில் குடியிருக்கிற பெரியவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் விரலை நீட்டியிருந்தால், மெஷினும் ஸ்ட்ரிப்பும் மாத்திரையும் மாதாமாதம் இங்கேயே வரும், பெண்கள் கமிட்டியே நடத்திக்கொள்ளும். ஒருத்தர் விட்டுப்போனாலும் எல்லாம் அடுத்த ஊருக்குப் போய்விடும். விடுவேனா நான்!

வெயில் தாங்கவில்லை. மூன்று இளநீர் குடித்தும் நாக்கு வறள்கிறது.

செப்டம்பர் 5, செவ்வாய்

மானம் போயிற்று, ஆனால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

கமிட்டி வீட்டில் எடை பார்த்தேன். சுவரே இல்லாத வீடு, சுற்றிலும் தூண், கீழே பாய், நடப்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அதனால் ஒவ்வொருவர் எடையையும் காதோடு காதாகச் சொன்னேன். கமிட்டித் தலைவி லூப்பே அக்கா ஏறினார். நல்ல உயரம், நல்ல அகலம், சிரித்தால் பாய் அதிரும். நான் மெதுவாகச் சொன்னதும் அவர் திரும்பி நின்று கத்தினார்: "நூத்தி இருபத்தாறு! என்னய ஜெயிக்க எவளாவது இருக்கியளா?"

அவ்வளவுதான்! "மாலோ! மாலோ!" என்று கைதட்டல். மாலோ என்றால் நம்மூர் சபாஷ். அடுத்தவள் நூற்று முப்பத்தொன்று. தோற்றதற்கு லூப்பே அக்கா மெஷினோடு சண்டைக்குப் போனார். ஆத்தாடி, இவர்களை வைத்துக்கொண்டு நான் உடம்பைக் குறைப்பது எப்படி!

பிறகு கண்ணாலேயே பிரித்தேன். கனமானவர்களுக்குச் சிவப்புச் சீட்டு, உடனே சுகர் பார்க்கணும். ஒல்லியானவர்களுக்குப் பச்சை, அப்புறம் பார்க்கலாம். லூப்பே அக்காவின் தம்பி தவிட்டா, சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர், இந்த ஊரிலேயே அவர்தான் ஒல்லி. "எனக்கு எந்தச் சீட்டு?" என்று வந்தார்.

"உமக்கென்ன கேடு? நீரு போயி பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்குடும்" என்று பச்சையைக் கொடுத்து அனுப்பினேன்.

லூப்பே அக்கா என் கையைப் பிடித்தார். "முதல்ல உன் விரலைக் குடு. எங்க ஊர்ல விருந்தாளிக்குத்தான் எதுவும் முதல்ல."

"எங்க ஊர்ல பரிமாறுறவ கடைசியிலதான் சாப்பிடுவா, அக்கா. எல்லாரும் முடியட்டும், நான் கடைசி."

அதில் அவருக்கு ரொம்ப மரியாதை வந்துவிட்டது. நல்ல வழக்கம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 7, வியாழன்

ப்ளவுஸை இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்தேன். பாதி உடம்பு குறைந்துவிட்டது! ஒரு பட்டினி இல்லை, ஒரு ஓட்டம் இல்லை. கல்யாணத்தன்று இருந்த உடம்பு. இவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, பொறாமை.

செப்டம்பர் 11, திங்கள்

சந்தோஷப்படுவதா குழம்புவதா தெரியவில்லை.

இன்று சிவப்புச் சீட்டுக்காரர்களுக்கு வெறும் வயிற்றில் பார்த்தேன். இங்கே நம்மூர்க் கணக்கு இல்லை. நாம் 126 என்று பயப்படுவது இங்கே ஏழு. ஏழைத் தாண்டினால் வியாதி. லூப்பே அக்காவுக்குப் பன்னிரண்டாவது வரும் என்று மனதுக்குள் எழுதியே வைத்துவிட்டேன்.

ஐந்து புள்ளி ஒன்று!

மறுபடி குத்தினேன். ஐந்து புள்ளி ஒன்று. நூற்று முப்பத்தொன்றுக்காரிக்கு ஐந்து புள்ளி மூன்று. இன்னும் ஏழெட்டுப் பேருக்கு அப்படியே. எல்லாருக்கும் இல்லை, சிலருக்குக் கண்டபடி ஏறித்தான் இருந்தது. ஆனாலும் இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு இத்தனை பேருக்கு இது எப்படி?

"என்னட்டி, தேர்வுல ஃபெயிலானவ மாதிரி முழிக்க?" என்றார் இவர்.

"அக்காவுக்குச் சுகர் இல்லைங்க!"

"அதுக்கு அவிய அழணும்லா? நீ எதுக்கு அழுத?"

அழவில்லை. கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடி மாற்றணும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

ஆப்பியாவில் திட்டத்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் நின்ற இடத்திலேயே குதித்தேன்.

இந்தத் தீவுக்காரர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேருக்கு ஒரு மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் உண்டாம். உலகத்தில் மற்ற இடங்களில் அதைக் காண்பதே அபூர்வம். அது உள்ளவர்களுக்கு உடம்பு கனக்கும். ஆனால் அதே கனமுள்ள மற்றவர்களைவிட அவர்களுக்குச் சர்க்கரை வருவது குறைவு! ஒரே மாற்றம், ஒரு கையால் உடம்பைக் கூட்டுகிறது, மறு கையால் சர்க்கரையைத் தடுக்கிறது. நான் இருபத்தைந்து வருஷம் நர்ஸ், குண்டு என்றால் சர்க்கரை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியவள்!

"அதுக்காக அவங்க தப்பிச்சாங்கன்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்றார் டாக்டரம்மா. "சோடாவும் நூடுல்ஸும் டின் கறியும் யாரையும் விடாது. இன்னொண்ணு, யாரையும் உருவத்தைப் பார்த்துப் பிரிக்காதீங்க. எல்லாருக்கும் பாருங்க."

சீட்டு விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

கமிட்டி வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து நின்று, கையை ஆட்டி, எனக்குத் தெரிந்த சமோவா மொழி தீர்ந்ததும் இங்கிலீஷில், அதுவும் தீர்ந்ததும் தமிழில். லூப்பே அக்கா தன் இரண்டு கையையும் விரித்துவைத்துப் பார்த்தார்.

"அப்ப நான் தின்னு தின்னு இப்படி ஆகல?"

"தீனியும் உண்டு. ஆனா அது மட்டும் இல்லக்கா. உங்களுக்கு அந்த மாற்றம் இருக்கான்னு ரத்தம் அனுப்பித்தான் சொல்லணும். இருந்தாலும் இருக்கும்."

"சின்ன வயசுலயிருந்து ஒவ்வொரு டாக்டரும், தின்னுட்டுப் படுத்துக்கெடக்கன்னுதாம் சொன்னாவ. விடியமுன்ன எந்திச்சித் தோட்டத்துல நிக்கிறவ நான். ஒருத்தராவது, உன் உடம்பு அப்படின்னு சொல்லல. அதனாலதாம் நான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கல." சொல்லிவிட்டு மடேரென்று என் தோளில் ஒன்று போட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் நாலு பெண்களும் மூக்கை உறிஞ்சினார்கள். இந்த ஊரை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப ஒல்லியா இருக்கிறவன்?"

"அதான் அக்கா வேடிக்கை. எங்க நாட்டுல ஒல்லிக்குச்சியா இருக்கிறவனுக்கும் வரும். வெளிய தெரியாது, வயித்துக்குள்ள கொழுப்பு இருக்கும். அப்பா அம்மாவுக்கு இருந்தா இன்னும் சீக்கிரம் வரும்."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

காலையில் மெஷின் சரியாக இருக்கிறதா என்று என் விரலிலேயே குத்திப் பார்த்தேன். மெஷின் தப்பு. இரண்டாவது மெஷினிலும் பார்த்தேன். அதுவும் தப்பு. இரண்டையும் பெட்டியில் கட்டி மத்தியான பஸ்ஸில் ஆப்பியாவுக்கு அனுப்பிவிட்டேன். பழுதான மெஷினை வைத்துக்கொண்டு ஊர் சனத்துக்குப் பார்க்க முடியுமா? பொறுப்பு வேண்டாமா?

செப்டம்பர் 16, சனி

தவிட்டா வந்தார். இனி எல்லாருக்கும் உண்டு என்று அக்கா சொல்லி அனுப்பினாராம். இந்த ஊரில் அக்கா சொன்னால் தம்பிக்கு மறுபேச்சு கிடையாது.

"மெஷின் ரிப்பேர். அப்புறம் வாரும்" என்றேன்.

"நேத்துவரைக்கும் நல்லா ஓடுச்சே?"

"மெஷினைப் பத்தி உமக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?" கோபம் எனக்கு மூக்குக்கு மேலே நிற்கும். அவர் சிரித்துக்கொண்டே போனார். பாட்டுச் சொல்லிக்கொடுக்கவே நேரம் காணவில்லையாம். அக்டோபர் எட்டாம் தேதி பிள்ளைகள் ஞாயிறு. அன்று பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுத்திச் சர்ச்சில் பாடுவார்கள், பெரியவர்கள் அவர்களுக்குப் பரிமாறிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள்.

செப்டம்பர் 20, புதன்

பாத்ரூமில் எறும்பு. மருந்து போடணும். இந்த ஊர் எறும்புக்கு வேறு வேலை இல்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

இரண்டு மெஷினும் திரும்பி வந்தன. பழுது ஒன்றும் இல்லையாம். அவர்கள் சோதித்துப் பார்த்த விதம் எப்படியோ.

சரி, வேலை ஓடட்டும். மத்தியானத்துக்குள் ஒரு தெருவை முடித்தேன். குத்துவதற்குக் கமிட்டிப் பெண்களையே பழக்கிவிட்டேன். பயமே இல்லாமல் குத்துகிறார்கள். ஒருத்தி தன் மாமியாருக்குக் குத்தும்போது காட்டிய உற்சாகத்தைப் பார்க்கணுமே!

செப்டம்பர் 25, திங்கள்

தவிட்டா கூப்பிட்டும் வரவில்லை. பாட்டு, பாட்டு என்றே சொல்லி அனுப்பினார். நானே போனேன். சர்ச் படியில் உட்கார்ந்திருந்தார், வலது காலில் துணி சுற்றியிருந்தது. பவளப்பாறை கிழித்ததாம், பத்து நாள் ஆயிற்றாம், வலி இல்லையாம்.

வலி இல்லை என்பதுதான் மோசம், சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி செத்துவிடும். துணியைப் பிரித்தேன். இந்த நாற்றம் எனக்குத் தெரியும்.

விரலில் குத்தினேன். மெஷினில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது. ஒரு வேனைப் பிடித்து ஆப்பியாவுக்கு அனுப்பினோம். அக்கா கூடப் போனார். ஏறும்போது தவிட்டா என்னிடம், "நல்லவேளை, மெஷின் ரிப்பேர் ஆகி வந்துட்டு" என்றார்.

செப்டம்பர் 26, செவ்வாய்

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. பத்து நாள் முன்னால் வந்திருந்தால் விரலும் தப்பியிருக்கும் என்றாராம் டாக்டர்.

என் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். தினமும் கட்டுப் பிரித்தது நான். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

தவிட்டா வீடு வந்துவிட்டார்! பாதி ஊர் ரோட்டில் நின்று பாடியது. வேனிலிருந்து இறங்கும்போதே, பாட்டுக் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர்கள் சுதி இறங்குகிறார்கள் என்று திட்டிக்கொண்டு இறங்கினார். மனுஷன் கொல்லன் சம்மட்டி மாதிரி உறுதி. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அக்டோபர் 4, புதன்

இவர் தேங்காய் துருவிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"மெஷின் சரியாத்தாம் இருந்துச்சின்னு ஆபீஸ்ல சொன்னாவளாமே."

"உங்களுக்கு யாரு சொன்னா? உங்களுக்கு உங்க கணக்கு, எனக்கு என் மெஷின். என் வேலையில தலையிடாதிய!"

அவர் துருவுவதை நிறுத்தவில்லை. "பாத்ரூம்ல எறும்பு மருந்து தெனமும் நாந்தாம் போடுதேன், எமீ."

நான் தட்டைப் போட்டு உடைத்தேன். அவர் கூட்டி அள்ளினார். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை, பயமாயிருக்கு என்று. அதை அவரிடம் சொன்னதே இல்லை, இருபத்து நாலு வருஷத்தில்.

"எனக்கும்தாம்" என்றார்.

அக்டோபர் 5, வியாழன்

லூப்பே அக்காவோடு பெரிய சண்டை. தொண்டை கட்டிவிட்டது.

அவருக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. பதின்மூன்றாம் தேதி, ஆப்பியா ஆட்கள் முன்னால், ஏழைத் தாண்டினவர்கள் எண்ணை எல்லாம் ஊர்ப் பேச்சாளர் உரக்கச் சொல்வாராம்! கையில் தடி வைத்துக்கொண்டு, விசேஷத்துக்கு யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று கணீரென்ற குரலில் கூவுகிற பெரியவர் அவர்.

"நர்ஸ் படிப்புல முதல் பாடமே அதான் அக்கா! நோயாளி விஷயம் வெளிய போகக் கூடாது!"

"பன்னி குடுத்தா உரக்கச் சொல்லுதோம். டின் மீன் குடுத்தா உரக்கச் சொல்லுதோம். சர்ச்சுல காணிக்கை போட்டா வீட்டுப் பேரைச் சொல்லி வாசிக்கோம். சர்க்கரையை மட்டும் எதுக்கு முணுமுணுக்கணும்?"

"அவமானமா இருக்காதா?"

"தவிட்டா காலை ரகசியமாத்தான வச்சிருந்தான்? வெரலு போச்சி. அவமானம் போச்சா?"

அவர் நிறுத்தவில்லை. இஷ்டமில்லாதவர்கள் எண்ணைச் சொல்ல மாட்டார்களாம். சொன்னவர்களுக்கு, எண்ணைக் கூவினதும், ஊரில் ஏதாவது ஒரு வீடு எழுந்து, "எங்க வீடு!" என்று ஏற்றுக்கொள்ளணுமாம். சொந்த வீடு ஏற்கக் கூடாது, சொந்த வீட்டுக்காரன் இரக்கப்பட்டு விட்டுவிடுவான். ஏற்ற வீடு காலையில் எழுப்பி நடக்கவைக்கணும், மாத்திரையைக் கண்முன்னால் விழுங்கவைக்கணும், பாதத்தைப் பார்க்கணும்.

இப்படி ஒரு வைத்தியத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சண்டை போட்டுக்கொண்டே உள்ளுக்குள் கைதட்டினேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு, சம்மதம் மட்டும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

அக்டோபர் 8, ஞாயிறு

பிள்ளைகள் ஞாயிறு! தவிட்டா நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு கையாலேயே பாட்டை நடத்தினார். கடைசிப் பாட்டில் கூரை பறந்துவிடும் என்று நினைத்தேன். மத்தியானம் பிள்ளைகளுக்குப் பரிமாறினோம். சோடாவுக்குப் பதில் இளநீர் வைக்கச் சொன்னது லூப்பே அக்கா. பிள்ளைகள் முறைத்தார்கள்.

அக்டோபர் 12, வியாழன்

முடிந்தது. சனம் முழுக்க முடிந்தது! படுத்த படுக்கையாய் இருப்பவர், தோணிக்காரர், போதகர், என் வீட்டுக்காரர் (ஐந்து புள்ளி எட்டு, பெருமை தாங்கவில்லை அவருக்கு), எல்லாரும் விரலை நீட்டிவிட்டார்கள்.

லூப்பே அக்கா சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். "பரிமாறுறவளே, எல்லாரும் சாப்பிட்டாச்சி. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வந்திரு."

போகும்போது திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியுமோ?

ஆப்பியாவில் ஒரு அவசர வேலை என்று சொல்லிக் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடலாம். போனால் மெஷின் அடுத்த ஊருக்கு. தவிட்டாவின் விரல் சும்மா போனதாகும். சே, என்ன பிழைப்பு இது.

அக்டோபர் 13, வெள்ளி

எழுதுகிறேன், எழுதிவிடுகிறேன், மனசு ஓடுகிற வேகத்துக்குக் கை ஓடவில்லை!

கமிட்டி வீடு நிரம்பி வழிந்தது. ஆப்பியாவிலிருந்து டாக்டரம்மாவும் இரண்டு அதிகாரிகளும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சாளர் தடியை ஊன்றி எழுந்தார். முதல் பெயர், முதல் எண். "ஒன்பது புள்ளி நாலு!" பன்றி வந்தால் எப்படிக் கூவுவாரோ அதே குரல், அதே கம்பீரம். கூவி முடிக்குமுன் தெற்குப் பக்கமிருந்து, "எங்க வீடு!" சனம் மாலோ என்றது. அடுத்தது பதினொன்று. "எங்க வீடு!" ஒரு எண்ணுக்கு இரண்டு வீடு அடித்துக்கொண்டது. சம்மதம் தரமாட்டேன் என்று முந்தாநாள் முறுக்கிக்கொண்ட தோணிக்காரர் தானே எழுந்து, என் எண்ணையும் சொல்லுங்கய்யா என்றார். அதிகாரி ஒருத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். தவிட்டாவின் எண்ணை ஏற்க எட்டு வீடு எழுந்தது, போதகர் வீடு ஜெயித்தது.

கடைசியில் லூப்பே அக்கா ஊசியோடு என் முன்னால் மண்டியிட்டார். நான் எழுந்துவிட்டேன்.

"குத்துறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். மெஷின் ரிப்பேர் ஆகல. ஒருநாளும் ஆகல. போன மாசம் என் விரல்ல குத்திப் பார்த்தேன். வந்த எண்ணை என்னால பார்க்க முடியல. மெஷின் தப்புன்னு சொல்லி ஊரை விட்டே அனுப்பினேன். மறுநாள் தவிட்டா வந்தாரு. திருப்பி அனுப்பினேன். அவரு விரலு போனது என்னாலதான்."

தவிட்டாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டாக்டரம்மா குனிந்துகொண்டார். லூப்பே அக்காவின் கை ஊசியோடு அப்படியே நின்றது. பிறகு அவர் என் விரலைப் பிடித்தார், எப்போதும் போல மெதுவாக இல்லை. குத்தினார். மெஷினைப் பேச்சாளரிடம் நீட்டினார்.

"சொல்லலாமா?" என்று என்னைக் கேட்டார் பெரியவர்.

தலையை ஆட்டினேன்.

"எமீமாள்! பதினைந்து புள்ளி ஆறு!"

ஒரு வீடும் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் பாதி எழுந்தார். சொந்த வீடு ஏற்கக் கூடாது என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தார். இந்த ஊரில் எனக்கு மண் இல்லை, சொந்தம் இல்லை, தோட்டம் இல்லை. நாளைக்கே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்க வீடு."

தவிட்டா. நாற்காலியின் கையைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி எழுந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எனக்கு இப்ப இவ மேல கோபம். அது இருக்கும். எத்தனை நாளைக்குன்னு தெரியாது. ஆனா இவ எங்க வீடு. காலையில அஞ்சரைக்கு வருவேன். நான் நொண்டுவேன். என்னைய முந்திட்டுப் போகக் கூடாது."

அப்போதுதான் சனம் வெடித்தது! மாலோ, மாலோ! நூற்று முப்பத்தொன்றுக்காரி எழுந்து, எமீயை எங்கள் வீட்டுக்குத்தான் கொடுக்கணும், எங்கள் வீடுதான் பக்கம் என்று சண்டைக்கு வந்தாள். போதகர் மனைவி, ஏற்கெனவே தவிட்டாவை எடுத்தாயிற்று, இவளையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம் என்றார். நான் வாய்விட்டு அழுதேன், நின்றுகொண்டே, சர்ச்சில் அழுகிற மாதிரி இல்லை, சந்தையில் அழுகிற மாதிரி. லூப்பே அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மெஷின் இங்கேதான்! மாதாமாதம்! டாக்டரம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாத்திரையைக் கையில் வைத்து, கண்ணையும் காலையும் பார்த்தார். கால் நன்றாக இருக்கிறது. என் கால் நன்றாக இருக்கிறது!

அக்டோபர் 14, சனி

சரியாக ஐந்தரைக்குக் கதவு தட்டும் சத்தம். தவிட்டா தடி ஊன்றி வாசலில் நின்றார். நான் செருப்பை மாட்டினேன்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சி" என்றேன்.

அவர் நகரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய் மாத்திரையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் எடுத்துவந்து, அவர் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினேன்.